ஒன்றும் நடக்காத அறை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் ‘பூமிக்கடியில் துகள் ஆய்வு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்தது ‘ஒன்றும் நடக்காத அறை’. அதை அப்படியே அச்சடித்தால் யாரும் வரமாட்டார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்திருக்கலாம், நியாயம்தான். அந்தத் தலைப்பு என் சொந்தச் சரக்கு அல்ல. என் தாய்மாமாவிடமிருந்து கடன் வாங்கியது.

மாமாவுக்குக் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் பம்பில் வேலை. எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம். அன்றைய வடஆற்காட்டில் தங்கவயலுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. பள்ளி விடுமுறையில் ரயிலேறி பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் வண்டிக்கு மாறிக்கொண்டு போவோம். வெள்ளை வெளேரென்று சைனைடு மேடுகள் தெரிய ஆரம்பித்தால் மாமா வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். 1960களின் கடைசி அது. ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்த மாமா, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பம்பாய்க்காரங்க கீழ ஒரு ரூமு போட்டுக்கினு இருக்காங்கடா. உள்ள ஒண்ணும் நடக்கறதில்ல. ஒண்ணும் நடக்கலன்றதத்தான் நோட்டுல எழுதிக்கினு இருக்காங்க.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நாற்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பிறகு சொல்கிறேன்: காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு ஏன் பூமிக்கடியில் போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்க்கவில்லை. ஒன்றும் நடக்காத ஓர் இடத்தை உண்டாக்குவதுதான் அங்கே முதல் வேலை. அது ஆனபிறகு நடக்கும் ஒன்றுக்குத்தான் மதிப்பு.

உங்கள் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பிடியுங்கள். பரவாயில்லை, பேராசிரியர்களும் பிடிக்கலாம். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் வழியாக ஒரு துகள் போய்க்கொண்டிருக்கிறது. கூரையைத் துளைத்து, கையைத் துளைத்து, தரைக்குள் போகிறது. பெயர் மியூவான். எலக்ட்ரானின் உறவுக்காரன், எடை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருக்கள் வளிமண்டலத்தின் மேல்தட்டில், தலைக்கு மேல் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில், காற்றின் அணுக்கருக்களோடு மோதுகின்றன. அந்த மோதலில் பையான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பையான் சிதைந்தால் ஒரு மியூவானும் ஒரு நியூட்ரினோவும். 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரப் போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று அளந்து வந்தார். கதிர் மண்ணிலிருந்து வரவில்லை, மேலேயிருந்து வருகிறது என்று உறுதியானது அப்போதுதான். மேலேயிருந்து வருவதைப் படிக்க ஏன் கீழே போகவேண்டும்? மாணவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்கத்தான் மாட்டார்கள்.

மியூவானும் நியூட்ரினோவும் ஒரே வீட்டில் பிறந்தவை. குணத்தில் எதிரும் புதிரும். மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு, போகிற வழியெல்லாம் அணுக்களை உரசி ஆற்றலை இழக்கும். தரைமட்டத்துக்கு வரும் சராசரி மியூவான் ஏழெட்டு மீட்டர் பாறைக்குள் களைத்து நின்றுவிடும். அதிக ஆற்றலோடு வருபவை நூறு மீட்டர் போகும், அபூர்வமாகச் சில ஆயிரம் மீட்டரும் போகும். நியூட்ரினோவோ பூமியை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். வழியில் எதையும் தொடாது. கோடானுகோடியில் ஒன்று எங்காவது ஒரு பாறை அணுவில் மோதி ஒரு மியூவானைத் தோற்றுவிக்கும். அந்த மியூவானைப் பார்த்துத்தான் நியூட்ரினோ வந்ததை அறியமுடியும்.

தரைக்கு மேல் நின்றுகொண்டு அதைத் தேடினால், கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது அடுத்த தெருவில் யாரோ முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது மாதிரி. மேளத்தை நிறுத்தச் சொல்லமுடியாது. மண்டபத்தை விட்டு நாம்தான் போகவேண்டும். பாறைக்குள் போகவேண்டும்.

கோலாரில் அந்த வேலை 1950களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை 1945இல் தொடங்கிய ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைத் தங்கவயலுக்கு அனுப்பினார். ஸ்ரீகண்டன் மைசூர் சமஸ்தானத்துக்காரர். பின்னாளில் அதே நிறுவனத்துக்கு இயக்குநரானவர். ஆழம் கூடக்கூட மியூவான் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று அளப்பது வேலை. கோலாரில் இரண்டு வசதிகள். சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும். பாறையும் கனம், நீரைப்போல் மூன்று மடங்கு அடர்த்தி. 2.3 கிலோமீட்டர் இறங்கினால் தலைக்கு மேல் ஏழு கிலோமீட்டர் தண்ணீர் நிற்பதற்குச் சமம். கடலுக்கடியில் கருவியை இறக்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாறை எவ்வளவு சௌகரியம் என்று புரியும்.

1960களின் தொடக்கத்தில் கருவிகளைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எண்ணிக்கை குறைந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, 8,400 மீட்டர் நீருக்குச் சமமான ஆழத்தில், வாரக்கணக்கில் ஓட்டியும் கருவி ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை. சுழி. ஆராய்ச்சி மாணவனுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. ஆய்வேட்டில் எதை எழுதுவது? அனுபவசாலிகளுக்கு அந்தச் சுழி வேறு மாதிரிப் பட்டது. மியூவான் வராத இடம் கிடைத்துவிட்டது. இனி அங்கே ஏதாவது வந்தால் அது நியூட்ரினோ கொண்டுவந்ததாகத்தான் இருக்கவேண்டும். மாமா சொன்ன அறை பிறந்தது அப்படித்தான்.

எம்.ஜி.கே. மேனனும் ஸ்ரீகண்டனும் அடங்கிய, டாடா நிறுவனத்தின் பம்பாய்க் குழு, ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் சபுரோ மியாகே, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு வுல்ஃபென்டேல் ஆகியோர் கைகோத்தார்கள். சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கி, அந்தச் சுழி மட்டத்துக்குச் சற்று மேலே, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியைக் கட்டினார்கள். மேற்பரப்பில் பத்துக் கோடி மியூவான் விழும் இடத்தில், அந்த ஆழத்துக்கு வந்துசேர்வது ஒன்று.

அந்தக் கருவியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். என் பார்வையில் இந்தியப் பரிசோதனை இயற்பியலின் மிக அழகான யோசனைகளில் அது ஒன்று. காஸ்மிக் கதிரைப் பிடிக்கும் கருவியை யாரைக் கட்டச் சொன்னாலும் பாயை விரித்தாற்போலப் படுக்கையாகத்தான் வைப்பார். மழை மேலிருந்து வருகிறதல்லவா, பாத்திரத்தின் வாய் மேலே பார்த்துத்தானே இருக்கவேண்டும். கோலாரில் கருவியைச் சுவர்போல நிமிர்த்தி வைத்தார்கள். எதிரெதிரே இரண்டு சுவர். காரணம் எளிய வடிவக்கணக்கு. பத்துக் கோடியில் ஒன்றாக மிஞ்சிவரும் மியூவான் நேர் மேலிருந்துதான் வரமுடியும், அதுதான் குறுக்குவழி. அறுபது டிகிரி சாய்ந்து வரப்பார்த்தால் பாறையின் தடிமன் இரட்டிப்பாகிவிடும், பிழைத்து வராது. நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டில்லை. அது பக்கவாட்டிலும் வரும், காலுக்கடியிலிருந்தும் வரும். ஆகவே கிடைமட்டமாக இரண்டு சுவரையும் துளைத்துப்போகும் ஒரு தடம் கிடைத்தால் அது மேலிருந்து வந்ததாக இருக்கமுடியாது. கருவியை நிமிர்த்தி வைத்த ஒரே காரியத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

சுவர்கள் பிளாஸ்டிக் சின்டிலேட்டரால் ஆனவை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பலகை; மின்னூட்டமுள்ள துகள் உள்ளே புகுந்தால் மங்கலான நீல ஒளி ஒரு கணம் மினுக்கும், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதைப் போட்டோமல்டிபிளையர் குழாய் பிடித்துப் பல லட்சம் மடங்கு பெருக்கி மின்துடிப்பாக்கும். இரு சுவர்களுக்கு நடுவே, ஈயத் தடுப்புகளுக்கு இடையில், நியான் நிரப்பிய நீளமான கண்ணாடிக் குழாய்கள் விறகு அடுக்கியதுபோல அடுக்கியிருந்தன. அவை டர்ஹாமின் கைவண்ணம். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால், உடனே குழாய்களின் இருபுறமும் உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்துபோன குழாய்கள் மட்டும் நியான் சிவப்பில் பளிச்சென்று எரியும், கேமரா படமெடுக்கும். எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா சீரியல் லைட்டில் ஒரு வரிசை மட்டும் எரிந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சாய்ந்த கோடு. மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒரு கோடு.

1965இல் முடிவு வந்தது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். அதே சமயத்தில் ஃபிரெடெரிக் ரெய்ன்ஸ் குழுவும் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே 3.2 கிலோமீட்டர் ஆழமுள்ள இன்னொரு தங்கச் சுரங்கத்தில் கண்டது. யார் முதல் என்று இன்றும் சிலர் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். ரெய்ன்ஸ் குழுவின் முதல் நிகழ்வு அந்த ஆண்டு பிப்ரவரி 23. அவர்களுக்கே முதல் காட்சி. கோலார்க் கட்டுரை ஜூலை 12இல் இதழுக்குப் போய் ஆகஸ்ட் 15இல் அச்சாயிற்று. ரெய்ன்ஸ் கட்டுரை ஜூலை 26இல் போய் ஆகஸ்ட் 30இல் வந்தது. அச்சில் கோலார் முதல். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சுதந்திர தினத்தன்று வெளிவந்தது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பின்னர் கோலாரில் மொத்தம் ஏழு கருவிகள் வேலை செய்தன. அவை எல்லாமாகச் சேர்ந்து பல ஆண்டுகளில் பிடித்த நியூட்ரினோ நிகழ்வுகள் இருபதுக்கும் குறைவு.

இப்போது கட்டுகிறவர்களின் கஷ்டத்துக்கு வருகிறேன்.

ஆழத்தில் ஒரு கருவியைக் கட்டுபவருக்கு முதல் எஜமானர் இயற்பியல் அல்ல. சுரங்கத்தின் கேஜ், அதாவது ஆட்களையும் சாமானையும் இறக்கும் இரும்புக் கூண்டு. கூண்டின் வாசலில் நுழையாத எதுவும் கீழே போகாது. மேலே பிரமாதமாக வரைந்த கருவியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் இறக்கவேண்டும். குடைபாதையில் தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் திரும்பக் கோக்கவேண்டும். அதுவும் சுரங்க வேலை ஓய்ந்த நேரம் பார்த்து. கீழே பாறை சுடும், காற்று ஈரமாக இருக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும் இணைப்புகளுக்கு ஈரம்தான் எமன். போதாக்குறைக்குப் பாறை வெடிப்பு. சுற்றிலும் தோண்டி எடுத்ததால் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகப் பிளந்து தெறிக்கும். தங்கவயலில் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள், யார் ஷிப்ட் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு. என் அத்தை அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்டிலேட்டர் விஷயத்தில் எனக்கே ஒரு சூடு உண்டு. கல்லூரியில் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சிறிய மியூவான் கருவி கட்டினோம். முப்பது சென்டிமீட்டர் சதுரப் பலகை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. பலகையை முதலில் அலுமினியத் தாளில் சுற்றவேண்டும், உள்ளே எழும் ஒளி சிதறாமல் இருக்க. அதன்மேல் கறுப்புத் தாள், அதன்மேல் கறுப்பு டேப், வெளி வெளிச்சம் புகாமல் இருக்க. சுற்றுவது ஒன்றும் பிரமாதமில்லை என்று நினைப்பீர்கள். மூலைகள்தான் வம்பு. பரிசுப் பொட்டலம் கட்டுகிறவர் மூலையை எப்படி மடக்குகிறார் என்று எங்கள் மாணவி ஒருத்தி கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊசிமுனைத் துளை இருந்தால்கூட போட்டோமல்டிபிளையருக்குப் பகல் வெளிச்சமாகத் தெரியும்.

எங்கள் கணக்குப்படி ஒரு பலகையில் நொடிக்குப் பதினைந்து மியூவான் வரவேண்டும். வந்தது நூற்றுப் பதினைந்தை ஒட்டி. சத்தத்தை வடிகட்ட ஒரு பழைய உபாயம் உண்டு: இரண்டு பலகையும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணு என்று சொல்லிவிடுவது. 1930இல் புரூனோ ரோஸ்ஸி கண்டுபிடித்த மின்சுற்று அது, இன்றுவரை இந்தத் துறையே அதன்மேல்தான் நிற்கிறது. அதையும் போட்டோம். எண்ணிக்கை இன்னும் நூறைத் தாண்டித்தான் இருந்தது. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருநாள் மாலை கரண்ட் போனது. கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சட்டென்று பத்துக்குள் இறங்கிவிட்டது. அறையிலிருந்த டியூப்லைட் நொடிக்கு நூறுமுறை மினுக்குகிறது. அந்த மினுக்கல் இரண்டு பலகையிலும் ஒரே நேரத்தில் புகுந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஏமாந்தன. ஒரு மாதமாக நாங்கள் காஸ்மிக் கதிர் என்று பதிவேட்டில் ஏற்றியது மின்வாரியத்தின் ஐம்பது ஹெர்ட்ஸ்.

சிரிக்கிறீர்கள். ஆனால் சாட்சிகள் இருவர் ஒத்துப்போனால் போதாது, இருவரையும் ஒருவனே தயார் செய்திருக்கக்கூடாது என்பது அந்தக் கரண்ட் போன மாலையில்தான் எனக்கு உறைத்தது. கோலார்க்காரர்களின் சிக்கலும் அதுதான்: தரைக்கு மேல் எத்தனை பலகை அடுக்கினாலும் மியூவான் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் துளைத்துக்கொண்டு போகும். மின்சுற்றை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அமைத்தாலும் அதற்குத் தீர்வு கிடையாது. எங்களுக்கு ஸ்விட்சை அணைத்தால் போதும். அவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை வேண்டியிருந்தது.

1980இல் கோலாரில் அடுத்த கருவி வந்தது. இம்முறை தேடியது புரோட்டானின் மரணத்தை. புரோட்டான் நிரந்தரமானதல்ல, எப்போதோ ஒருநாள் சிதையும் என்று 1974இல் ஒரு கோட்பாடு சொன்னது. ஆயுள் 1 போட்டு 31 சைபர் போட்ட ஆண்டுகள் என்ற அளவில். ஒரு புரோட்டானின் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கமுடியாது. எக்கச்சக்கமான புரோட்டான்களைக் குவித்து வைத்துக்கொண்டு ஓராண்டு காத்திருக்கலாம். கோலார்க் கருவியின் 140 டன் இரும்பில் 8க்குப் பின்னால் 31 சைபர் அளவுக்குப் புரோட்டானும் நியூட்ரானும் உண்டு. கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்கு ஏழெட்டாவது விழவேண்டும். இரும்புத் தகடு, அதன்மேல் சதுர வடிவ இரும்புக் குழாய்களின் வரிசை, மறுபடி தகடு, இம்முறை குழாய்கள் குறுக்குவாட்டில் என்று 34 அடுக்கு. குழாய் பத்து சென்டிமீட்டர் சதுரம். நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி, உள்ளே ஆர்கானும் மீத்தேனும் ஒன்பதுக்கு ஒன்று. துகள் போனால் வாயு அயனியாகும், கம்பியில் துடிப்பு வரும். கட்டுமானத்தில் எந்த மாயமும் கிடையாது, குழாய்க்கடைச் சரக்குதான். பிறகு 260 டன்னில் இரண்டாவது ஒன்றையும் கட்டினார்கள்.

சில நிகழ்வுகளைப் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கோலார் குழு அறிவித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஓஹையோவில் உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் கமியோகாவின் துத்தநாகச் சுரங்கத்திலும் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. இன்றுவரை யாருக்கும் கிட்டவில்லை. அன்றைய இந்தியச் சூழலில் இரும்பு சரியான தேர்வுதான். ஆனால் தண்ணீர் மலிவு, எங்கும் கிடைக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம், அதுவே ஒளிரவும் செய்யும். இரும்பால் அந்தப் பந்தயத்தில் ஓடியிருக்க முடியாது.

கமியோகாக் கருவியின் பெயர் கமியோகாண்டே. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசி மூன்றெழுத்தே அணுக்கருத் துகள் சிதைவுப் பரிசோதனை என்பதன் சுருக்கம். சிதைவு கிடைக்காததால் அவர்களுக்கு நியூட்ரினோ நிகழ்வுகள் வெறும் தொந்தரவாகக் குவிந்தன. கழித்துப் போடவேண்டியவை. தங்கவயலில் பிறந்த எந்தப் பையனுக்கும் தெரியும், சைனைடு மேடு குப்பை அல்ல. மறுபடி அரைத்தால் அதிலும் தங்கம் இருக்கும். ஜப்பானியர் மேட்டைக் கிளறினார்கள். 1987 பிப்ரவரி 23இல் பக்கத்து விண்மீன் கூட்டத்தில் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் 11 சிக்கின. பிறகு 50,000 டன் தண்ணீரும் 11,000க்கு மேற்பட்ட போட்டோமல்டிபிளையர் குமிழ்களும் கொண்ட சூப்பர்-கமியோகாண்டே வந்தது. 1998இல், மேலிருந்து வரும் மியூவான் நியூட்ரினோவில் பாதியளவுதான் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகிறது என்று காட்டினார்கள். வழியில் அவை வகை மாறிவிடுகின்றன, ஆகவே அவற்றுக்கு எடை உண்டு. அந்தக் குழுவின் கஜிதாவுக்கு 2015இல் நோபல் பரிசு. கோலாரில் இருபதைக்கூடத் தொடாத அதே வளிமண்டல நியூட்ரினோக்கள்தான் இவை.

அந்தக் குமிழ்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன், கட்டுமானக்காரர்கள் இதைக் கேட்காமல் போகக்கூடாது. 2001 நவம்பர் 12. பராமரிப்பு முடிந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒரு குமிழ் அழுத்தம் தாங்காமல் உள்வாங்கி நொறுங்கியது. அதன் அதிர்ச்சியலை பக்கத்துக் குமிழை, அது அடுத்ததை என்று சில நொடிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒன்று உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் கட்டுவோம். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பது என்ன ஆகும் என்று யோசிக்கத் தவறுவோம். மிஞ்சியவற்றை இடம் மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் உறைபோட்டு மறுபடி ஓட்டினார்கள்.

இவ்வளவு நேரம் நான் சொன்ன இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கோலார், தங்கம். ஜோகன்னஸ்பர்க், தங்கம். ஓஹையோ, உப்பு. கமியோகா, துத்தநாகம். சொல்லாமல் விட்டவையும் உண்டு: கனடாவில் சட்பரி நிக்கல் சுரங்கம். இத்தாலியின் கிரான் சாஸோ நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதையின் ஓரத்தில். 2017இல் நம் ஜாதுகுடாவில் 555 மீட்டர் ஆழத்தில் திறந்த சிறிய ஆய்வகம் யுரேனியச் சுரங்கத்தில். எல்லாம் இரவல் குழிகள். வேறு எதற்கோ, வேறு யாரோ தோண்டிய குழியில் இயற்பியல் ஒண்டுக்குடித்தனம் வந்தது. விதிவிலக்கு சொற்பம்: காகசஸ் மலையில் பக்சானில் ஆய்வுக்காகவே சுரங்கம் குடைந்தார்கள், அங்கே குடியேறிய ஊருக்கே நெய்ட்ரினோ என்று பெயர்.

ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு லாபம் உண்டு. குழி தோண்டியதன் பாவபுண்ணியம் வீட்டுக்காரரைச் சேரும். தங்கவயலில் எத்தனை பேர் பாறை வெடிப்பில் போனார்கள், எத்தனை பேர் சிலிக்கா தூசியில் நெஞ்சடைத்துப் போனார்கள் என்பது தங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டது, நியூட்ரினோவின் கணக்கில் அல்ல. 1965 கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பதினோரு பெயர்கள். பம்பாய் ஐந்து, ஒசாகா இரண்டு, டர்ஹாம் நான்கு. கூண்டை இறக்கியவர், ஈயத்தைத் தள்ளியவர், பம்பை ஓட்டியவர் அதில் இல்லை. இருக்கவேண்டும் என்றும் நான் வாதாடவில்லை, அறிவியல் கட்டுரைக்கு அது மரபில்லை. ஆனால் குழிக்கு விலை இல்லை என்ற பழக்கம் நமக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் தேனி மாவட்டத்தில் நமக்கு அடி விழுந்தது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருக்கிறது என்று 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு பொட்டிப்புரம், போடி மேற்கு மலை. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் வாக்கில் சுரங்கம், எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை, உள்ளே 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. கோலாரின் இரும்பு அடுக்கு யோசனைதான், பேரன் வடிவத்தில். 151 அடுக்கு இரும்பு. இடையிடையே வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகள். சன்னலுக்குப் போடுகிற அதே கண்ணாடி, மூன்று மில்லிமீட்டர் தடிமன். இரண்டு தகட்டுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அது பிசகாமல் இருக்கச் சட்டைப் பொத்தான்போல் சிறு பிளாஸ்டிக் முட்டுகள். மதுரையில் 85 டன்னில் இதன் சிறுவடிவம் ஓடுகிறது. பொட்டிப்புரத்தில் ஒரு தகடும் இறங்கவில்லை. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வலுத்தது. 2022இல் தமிழக அரசு இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

இரு தரப்பிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. இருவரையும் கோபப்படுத்தும் ஒன்றைச் சொல்லப்போகிறேன். நியூட்ரினோ உடம்பைத் தாக்கும், பயிரை அழிக்கும் என்று மேடைகளில் பேசியது தவறு. இங்கே நான் பேசத் தொடங்கியதிலிருந்து எண்ணமுடியாத கோடி நியூட்ரினோக்கள் உங்களைத் துளைத்துப் போய்விட்டன. என் பேச்சைத்தவிர வேறெதுவும் உங்களைச் சோர்வடையச் செய்யவில்லை. ஆனால் வெடிவைத்தால் மலை என்ன ஆகும், தோண்டிய கல்லை எங்கே கொட்டுவீர்கள், தண்ணீர் யாருடையது, எங்களைக் கேட்டீர்களா என்று ஊரார் கேட்டவை துகள் இயற்பியல் கேள்விகள் அல்ல. அவற்றுக்கும் நாங்கள் துகள் இயற்பியலில்தான் பதில் சொன்னோம். கரும்பலகையில் நியூட்ரினோவின் சாதுத்தன்மையை விளக்கிவிட்டு ஊர் சம்மதித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். வாழ்நாள் முழுக்க இரவல் குழியில் இருந்தவனுக்கு, சொந்தக் குழி தோண்ட யாரிடம் கேட்கவேண்டும் என்பது தெரியவில்லை.

கோலாரின் குழாய் வகை வீணாகவில்லை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுரம், ஆறு மீட்டர் நீளம், அதே இரும்புக் குழாய், அதே வாயு. 3,712 குழாய்கள் இரண்டு மீட்டர் காங்கிரீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. அங்கே ஆழம் தேவையில்லை, மியூவானேதான் வேண்டும். ஒரு நாளைக்கு 400 கோடி எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் கூரைக்கு மேல் கடந்தபோது எண்ணிக்கை லேசாகச் சரிந்தது. அந்தச் சரிவை வைத்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். வாய்ப்புக் கிடைத்தால் மாணவர்கள் போய்ப் பாருங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கவயல் ஆய்வு 1990களின் தொடக்கத்தில் நின்றது. தங்கத்தின் விலை கட்டுப்படியாகவில்லை, ஆழ் மட்டங்களைச் சுரங்கம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் கிணறாகிவிடும்.

மாமாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்கு எண்பதை நெருங்கியிருந்தது. லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் கேலி செய்த அந்த அறையில் என்ன கிடைத்தது தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். மொத்தம் எத்தனை கிடைத்தது என்று கேட்டார். இருபதுக்குள் என்றேன். டன் கல்லை அரைத்துச் சில கிராம் எடுத்தவர். அந்த எண்ணைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ரூமு இப்ப தண்ணிக்குள்ளதான?” என்றார். ஆமாம் மாமா என்றேன். “எத்தினி அடி சொன்ன?” ஏழாயிரத்து அறுநூறு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பம்பை நிறுத்திய நாளிலிருந்து எந்த மாதம் தண்ணீர் அங்கே வந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.